சீஸ்மிக் சர்வே: பூகம்பமா, அதிர்வேட்டா?

ஒத்தக்கடைச் சித்தப்பாவின் மகனுக்கு சீஸ்மிக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. “ஏப்பா, கடலுக்குள்ள பூகம்பம் உண்டாக்குற கப்பலாமே?” என்று என்னைக் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ‘சீஸ்மிக் சர்வே’யை ‘நிலநடுக்க ஆய்வு’ என்று மொழிபெயர்த்தால் வேறு எப்படிப் புரியும்?

மூலச்சொல் கிரேக்கம். ‘சைஸ்மோஸ்’ என்றால் உலுக்கல், நடுக்கம். பூகம்பத்தில் உள்ள வடமொழிக் ‘கம்ப’மும் நடுக்கம்தான் (கம்பம் போகிற பஸ்ஸை நினைக்க வேண்டாம்). நிலநடுக்க அறிவியலுக்கு இந்தச் சொல்லிலிருந்து ஆங்கிலப் பெயர் கட்டியவர் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட். 1849இல் டப்ளினை ஒட்டிய கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்து, அதிர்வு ஓடும் வேகத்தை அளந்தவர். பூமி தானாக நடுங்கும்வரை காத்திருக்கவில்லை மனிதர்.

மேலூர்ப் பக்கம் கிணறு வெட்ட வேட்டு வைப்பார்கள். அடுக்களைப் பலகையில் எவர்சில்வர் டம்ளர்கள் முதலில் கிணுகிணுக்கும். ‘டமார்’ அப்புறம்தான் வரும். கெட்டிப் பாறைக்குள் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. ஓடும், காற்றில் சத்தம் 340 மீட்டர்தான். போன அதிர்வு எந்த அடுக்கில் பட்டு எத்தனை நேரத்தில் திரும்புகிறது என்று கணக்குப் போட்டால் அடியில் பாறை எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். சீஸ்மிக் சர்வே இவ்வளவுதான்.

இதைத் தொழிலாக்கிய ஜெர்மானியச் சுரங்க அளவையாளர் லுட்கர் மின்ட்ராப், 1921இல் தொடங்கிய கம்பெனிக்கு ‘சைஸ்மோஸ்’ என்றே பெயர் வைத்தார். 1930இல் அமெரிக்கப் புவி இயற்பியலாளர்கள் கார்ச்சரும் மெக்டெர்மட்டும் ‘ஜியோபிசிக்கல் சர்வீஸ்’ தொடங்கினார்கள். எண்ணெய் தேடிய அந்தக் கம்பெனி, உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் கருவி செய்யப் போனது. கருவிப் பக்கம் பெருத்து, 1951இல் பெயரே ‘டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’ என்று மாறியது. ஆமாம், கால்குலேட்டர் கம்பெனியேதான்! பழைய பெயர் அதற்குக் கீழே ஒரு கிளைக்கு ஒட்டிக்கொண்டது. தரையிலும் கடலிலும் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கிளை 1988இல் கைமாறியது.

கடலில் முதலில் டைனமைட் வெடித்தார்கள். இப்போது கப்பலுக்குப் பின்னால் இழுபடும் ‘ஏர் கன்’, அழுத்திய காற்றைச் சில நொடிக்கு ஒருமுறை தண்ணீருக்குள் விடுகிறது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் ‘ஸ்ட்ரீமர்’ கேபிள்களில் உள்ள ‘ஹைட்ரோஃபோன்’கள், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக்குகள், எதிரொலியைப் பிடிக்கின்றன. திமிங்கிலங்களுக்கு இந்தச் சத்தம் தொல்லை என்பது தனி வழக்கு. 1974இல் மும்பைக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் மும்பை ஹையில் எண்ணெய் கிடைத்ததற்கும் முன்னால் நடந்த இத்தகைய ஆய்வுதான் வழிகாட்டியது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘நிலநடுக்கம்’ இயற்கையாக நடப்பதற்கே இருக்கட்டும். ‘நில அதிர்வு ஆய்வு’ பரவாயில்லை. ஆனால் பத்திரிகைகள் சின்ன நிலநடுக்கத்தையும் ‘நில அதிர்வு’ என்றே எழுதுவதால் அதே குழப்பம் திரும்ப வரும். ‘அதிர்வலை ஆய்வு’ என்பதே என் தேர்வு. ‘ஹைட்ரோஃபோன்’ நீரொலிவாங்கி. ‘ஸ்ட்ரீமர்’, தேர் இழுக்கிற நமக்கு, வடம். ‘ஏர் கன்’னைத் துப்பாக்கி என்பானேன்? அது எதையும் சுடுவதில்லை. திருவிழாவில் போடுகிறோமே அதிர்வேட்டு, அந்தச் சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: காற்று வேட்டு.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, “அப்ப வேட்டுக் கப்பல்னு சொல்ல வேண்டியதுதானே” என்றார்.