சேர்டிபிகேட் ஃபைலில இருக்கு, கைதான் மறந்துபோச்சு

முந்தாநாள் ஃபைல் அடுக்கேக்க என்ர பழைய சிபிஆர் (இதயம் நிண்டுபோன ஆளுக்கு நெஞ்சை அமுக்கி மூச்சுக் குடுக்கிறது) சேர்டிபிகேட் ஆப்பிட்டது. ஒருநாள் வேர்க்‌ஷொப், சாப்பாட்டுப் பார்சல், குரூப் ஃபோட்டோ, அதோட சரி. அதை வச்சுக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியுமெண்டு திரிஞ்சனான். ஒருநாள் நைட் டியூட்டியில ஒரு ஐயாவுக்கு இதயம் நிண்டுட்டுது, "ஆராவது அட்ரினலின் எடுங்கோ" எண்டு நான் கத்த ரெண்டு பேர் ஒரே லாச்சியை இழுக்கினம், நேரம் பார்க்க ஒருத்தரும் இல்லை. ஐயா தப்பேல்ல. எங்கட பிழையாலதான் எண்டு சொல்ல மாட்டன், ஆனா இப்ப நான் "ஆராவது" எண்டு சொல்லுறேல்ல, பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறது.

அதுக்குப் பிறகு புதன்கிழமையில டியூட்டி மாறுற நேரம் 15 நிமிசம் எல்லாரும் சேர்ந்து பழகுறம். சிபிஆர் பழகின கை 3 - 6 மாசத்திலேயே மறக்கத் தொடங்கிடும், வருசத்துக்கு ஒரு முழுநாள் வகுப்பு வச்சு என்ன பிரயோசனம்?

நெஞ்சை அமுக்கிறது நிமிசத்துக்கு 100 - 120 தரம், ஆழம் 5 - 6 சென்டிமீற்றர், ஒவ்வொரு அமுக்குக்கும் நெஞ்சு முழுசா எழும்ப விடோணும், 2 நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாறோணும். எழுதச் சொன்னா எல்லாருக்கும் நூத்துக்கு நூறுதான். பழகுற பொம்மையில சரியான ஆழத்துக்கு அமுக்கினா 'டிக்' எண்டு கேக்கும், 14 வருச சேர்விஸ்காரி எனக்கு முதல்நாள் பாதிக்குக் கேக்கவே இல்லை. கிண்ணியாவில இருந்து வாற அற்றண்டன் தம்பி, லீவு நாளில வலை இழுக்கிறவர், அவருக்கு ஒண்டும் தப்பேல்ல. வெக்கமாத்தான் கிடந்தது. ஆனா அண்டையில இருந்துதான் ஜூனியர் பிள்ளையளும் "அக்கா, உங்கட முழங்கை மடியுது" எண்டு சொல்லத் தொடங்கினவை.

இன்னொரு கூத்து, எண்ணுறது. தமிழில இருபதுக்கு மேல போனா "இருபத்திமூண்டு, இருபத்திநாலு" எண்டு சொல் நீள நீள கையும் மெதுவாகும், நாங்கள் கவனிக்கவே கன நாள் போச்சு. இப்ப 1 - 10 எண்டு மூண்டு தரம், பிறகு ரெண்டு மூச்சு.

வாற கிழமை உப்புவெளியில கடற்கரைப் பெடியளுக்குப் பழக்கப் போறம். கடலில மூழ்கின ஆளெண்டா முதல் 5 தரம் மூச்சுக் குடுத்திட்டுத்தான் அமுக்கோணும், அதுக்கிடையில ஒருத்தர் 1990 அம்புலன்ஸுக்கு கோல் எடுக்கோணும். எங்களிட்ட இருக்கிறது ஒரே பொம்மை, மோட்டச்சைக்கிளில பின்னால கட்டிக்கொண்டு போறதுதான் யோசினை, பொலிஸ் மறிச்சா என்ன சொல்லுறது எண்டு தம்பி கேக்கிறார்.