மின்னூல் படிகருவி: சொல் விளக்கம்

கடலூரிலிருந்து காலைப் பேருந்தில் புதுச்சேரிக்கு வரும்போது, வலப்பக்கச் சன்னலோரம் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கைப்பேசித் திரையை உள்ளங்கையால் மறைத்தும் எழுத்துத் தெரியாது. அதே வெயிலில், மின்னூல் படிக்கும் கருவியான என் இ-ரீடரில் அச்சுத்தாளில் இருப்பதுபோல் எழுத்துத் துலங்குகிறது. அதை எல்லோரும் ‘கிண்டில்’ என்கிறார்கள். ஆனால் அது 2007இல் அமெரிக்காவில் வந்த ஒரு வணிகப் பெயர். மின்மைத் திரை (இ-இங்க் திரை) கொண்ட சோனி கருவி 2004இலேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் ‘ரீட்’ என்னும் வினை பழங்காலத்தில் அறிவுரை கூறுவதையும் புதிரின் பொருளை உய்த்துணர்வதையும் குறித்தது. ‘ரீடர்’ முதலில் ஆளுக்கே பெயர். கருவிக்கு அது பின்னர் ஏறியது. தமிழில் அதைப் பின்பற்றி ‘மின்படிப்பான்’ என்று எழுதுகிறோம். ‘படிப்பான்’ என்றாலோ ‘அவன் படிப்பான்’ என்னும் வினைமுற்றே முதலில் காதில் விழுகிறது. ‘வாசிப்பான்’ என்பதிலும் இதே இடர். ‘வாசி’ வடமொழி வழி வந்தது என்பது கூடுதல் செய்தி. ‘படிப்பி’ என்றால் பிறர்க்குக் கற்றுக்கொடு என்று பொருள்படும்.

கருவி படிப்பதில்லை, நாம்தான் படிக்கிறோம். எழுதுவதற்கான கோலை எழுதுகோல் என்று வினைத்தொகையாக அழைக்கும் மொழியில், படிப்பதற்கான கருவி ‘படிகருவி’ ஆவதே இயல்பு என்பது என் துணிபு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘படிக்கருவி’ என்று எழுதுவது பிழை.

‘படி’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வண்டல் படிகிறது, தூசி படிகிறது. ஓலைச்சுவடிகளில், எழுத்தாணி கீறிய தடத்தில் பூசிய கரி படிந்துதான் எழுத்துத் தெரியும். மின்மைத் திரையிலும் நுண்ணிய உறைகளுக்குள் மின்னேற்றம் பெற்ற கரிய, வெள்ளைத் துகள்கள் மின்புலத்துக்கேற்ப மேலும் கீழும் நகர்ந்து, மேலே படிந்தவை எழுத்தாகவும் தாளாகவும் நிற்கின்றன. படிந்தது அப்படியே நிற்கும். பக்கம் மாறும்போதே திரைக்கு மின்சாரம் செலவாகும். வாரக்கணக்கில் மின்கலம் தாங்குவது இதனால்தான். முந்தைய பக்கத்தின் சாயல் தங்காமலிருக்கப் பக்கம் திருப்பும்போது சில வேளை திரை ஒருமுறை கறுத்து வெளுக்கிறது. துகள்கள் நகர நேரம் பிடிப்பதால் நிகழ்படம் பார்க்க இது ஏற்றதன்று.

எனக்குப் பெருங்குறையாகப் படுவது வேறு. பழைய தமிழ் நூல்கள் பல பக்கங்களை ஒளிவருடிய பிடிஎஃப் கோப்புகளாகவே கிடைக்கின்றன. ஆறு அங்குலத் திரையில் ஒரு முழுப்பக்கத்தை வைத்தால் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. இபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவக் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். படமாக உள்ள பக்கத்தில் அது நடக்காது. அத்தகைய நூல்களையே மிகுதியாகப் படிப்பவர் பத்து அங்குலப் படிகருவியோ பலகைக் கணினியோ (டேப்லெட்) வாங்குவது நல்லது. பின்னாலிருந்து ஒளிரும் திரையுடைய பலகைக் கணினியில் மின்னூல் படிக்கலாம் என்பதற்காக அதையும் படிகருவி என்று அழைக்க வேண்டியதில்லை.