அறுபதை நெருங்கும்போது விவாகரத்து: கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். 31 வருடக் குடித்தனம், கணவருக்கு மத்திய அரசு வேலை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி 4 லட்சம் ரூபாய்க்கு முடித்துவைத்தார்கள். "விட்டது சனி" என்று அக்காவும் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இரண்டு வருடத்தில் அந்த மனிதர் இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியம் கேட்க நானும் கூடப் போயிருந்தேன். விவாகரத்து ஆர்டரைப் புரட்டிப் பார்த்த எழுத்தர் கேட்டார்: "நீங்க அவருக்கு யாரும்மா?"

சட்டப்படி யாரும் இல்லை. இதை இரண்டு வருடம் முன்னால் ஒருத்தராவது அக்காவிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பாதிச் சொத்து தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. அவர் பெயரில் இருக்கும் வீடு அவருடையது. பத்திரத்தில் உங்கள் பெயரும் இருந்தால் உங்கள் பங்கு உங்களுக்கு. பிறந்த வீட்டில் போட்ட நகையும் சீரும் முழுக்க உங்களுடையவை. இவை போக, நீதிமன்றம் வாங்கித் தருவது ஜீவனாம்சம்தான். வீடு யார் பெயரில் என்று தெரிய, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். அரசு வாரியம் ஒதுக்கிய வீடு என்றால் ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் லோகோ, கேரேஜ், ஐசிஎஃப் என்ற ரயில்வே தொழிற்சாலைகளின் சம்பளத்தில் வளர்ந்த குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பெண்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். விவாகரத்து ஆன அன்றே குடும்ப ஓய்வூதிய உரிமை போய்விடும். ரயில்வே மருத்துவ அட்டையில் உங்கள் பெயருக்கு இடமில்லை. வாரிசுச் சான்றிதழிலும் வர மாட்டீர்கள். மணலி, எண்ணூர் கம்பெனிகளில் பி.எஃப். பிடித்தவர்களின் மனைவிகளுக்கும் இதே கதை. பி.எஃப். அலுவலகம் தரும் விதவை ஓய்வூதியம் விவாகரத்தானவருக்குக் கிடையாது. 25 வயதுப் பெண்ணுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது. சர்க்கரையும் பிரஷருமாக 57-ல் நிற்பவருக்கு அந்த மருத்துவ அட்டை 4 லட்சத்தைவிடப் பெரியது.

வேறு வழியும் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்பவர்கள்தான் குறைவு. இந்து திருமணச் சட்டத்தின் 10-வது பிரிவில், திருமணத்தை முறிக்காமல் தனித்தனியாக வாழ உத்தரவு வாங்கலாம். வக்கீல்கள் ஜுடிஷியல் செபரேஷன் என்பார்கள். ஜீவனாம்சமும் கேட்கலாம். ரயில்வே ஓய்வூதிய விதிகள் அப்படிப் பிரிந்திருக்கும் மனைவியையும் குடும்பத்தில் சேர்த்தே வைத்திருக்கின்றன. இன்னொரு கல்யாணம் செய்யும் எண்ணத்தில் இருக்கும் கணவர் இதற்கு ஒப்ப மாட்டார். சரி, விவாகரத்துதான் வேண்டும் என்கிறாரா? அப்படியானால் நீங்கள் இழக்கப்போகும் ஓய்வூதியத்தையும் வைத்தியச் செலவையும் கணக்கில் ஏற்றித்தான் தொகை பேச வேண்டும். பேசுகிற பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு வராது. வக்கீலைக் கேளுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லையே என்றால், பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சென்னை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் வருடச் சட்டப்பணிகள் சட்டப்படி இலவச வக்கீல் கிடைக்கப் பெண்ணாக இருந்தாலே போதும், வருமான வரம்பு கிடையாது. ஆனாலும் "வருமானச் சான்று வாங்கிட்டு வாம்மா" என்று தாலுகா அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப ஆள் இருப்பார்கள். நகராதீர்கள். "12-வது பிரிவில் பெண்களுக்கு வரம்பு இல்லை" என்று சொல்லுங்கள், அதையே மனுவிலும் எழுதுங்கள். போகுமுன் சட்ட உதவி எண் 15100-ல் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, பஞ்சாயத்துக் காகிதம். முத்திரைத்தாளில் "இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்தோடு கொடுப்பார்கள். இந்து திருமணத்தில் அது விவாகரத்தே ஆகாது. ஆனால் உங்கள் ஜீவனாம்சத்தைக் கெடுக்க மட்டும் நன்றாக உதவும். மாதாந்திர ஜீவனாம்ச மனுவை முன்பு 125-வது பிரிவு என்போம், 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-வது பிரிவு. எந்த மதத்துப் பெண்ணும் போடலாம், விவாகரத்துக்குப் பிறகும் மறுமணம் செய்யாதவரை போடலாம். ஆனால் கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழ்ந்தால் கிடையாது என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைத்தான் எதிர்த்தரப்பு அந்தக் காகிதத்தோடு சேர்த்து நீட்டும். அப்படி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மனுவைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு. இரண்டு பேரும் சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். அவர் மறைப்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். அதனால் வீட்டில் இருக்கும்போதே சம்பளச் சீட்டு, பாஸ்புக், பி.எஃப். எண், எல்.ஐ.சி. பாண்டு, சேட்டுக் கடை அடகுச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் நகை அவர் பெயரில் அடகில் இருந்தால் அந்தச் சீட்டு ரொம்ப முக்கியம். அவர் ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருக்கிறது என்றால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்து தம்பி பெயருக்குப் போனபின் துரத்துவது வீண் அலைச்சல்.

இடைக்கால ஜீவனாம்சத்தை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்றத்து நாட்காட்டி வேறு. உத்தரவு வந்தும் பணம் வரவில்லையா? பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட வேண்டும். "தந்துடுவார், பார்ப்போம்" என்று ஒன்றரை வருடம் காத்திருந்தால் பழைய மாதங்களுக்கு வாரண்டு கேட்க முடியாது.

ரேஷன் அட்டை தனிக்கதை. புது அட்டைக்குப் பழைய அட்டையில் பெயர் நீக்க வேண்டும். நீக்கினால் ஓடிபி போகும் நம்பர் பெரும்பாலும் கணவருடையது. "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். அவரைக் கூட்டிவரும் நிலையில் இருந்தால் ஒரு பெண் ஏன் அங்கே தனியாக நிற்கிறார்? கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. உணவுப் பொருள் வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையரிடம் எழுத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அங்கேயே குறைதீர் முகாம் நடக்கும். மருத்துவ அட்டை போனபின் உங்களுக்கு இருப்பது முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் 5 லட்சம் வரை. அதற்கும் ரேஷன் அட்டை வேண்டும். மாத மாத்திரைக்கு அந்தக் காப்பீடு உதவாது, ஸ்டான்லி அரசு மருத்துவமனை வரிசைதான்.

எதுவுமே இல்லாதவர்களுக்கு கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் இருக்கிறது. 2023-ல் மாதம் 1,200 ஆக்கினார்கள். 30 வயது ஆகியிருக்க வேண்டும். விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டு 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். மனுவை விழவைப்பது பெரும்பாலும் விசாரணைக்கு வருபவர் எழுதும் ஒரு வரி: "சம்பாதிக்கும் மகன் உள்ளார்." மகன் காசு தருகிறானா என்று யாரும் கேட்பதில்லை. தராத மகன் மேல் 2007-ம் வருடப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, மாதம் 10,000 வரை உத்தரவிடலாம். நான் சொல்லிப் பார்த்த அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் "பெத்த புள்ள மேலயா?" என்று எழுந்து போய்விட்டார்கள். சொல்வது என் கடமை.

கடைசியில் மொத்தத் தொகை கைக்கு வந்தால், வங்கியில் மரியாதை திடீரென்று கூடும். நாற்காலி போடுவார்கள், டீ வரும், கூடவே ஒரு இன்சூரன்ஸ் பாலிசியும் வரும். "டெபாசிட் மாதிரிதாம்மா" என்று சொன்னால் எழுந்துவிடுங்கள். கையெழுத்தே போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். 60 ஆனவர்களுக்குத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், 30 லட்சம் வரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. 60 ஆகாதவர்களுக்கு மாத வருமானத் திட்டம், 9 லட்சம் வரை. அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். விவாகரத்தானாலும் வங்கி உங்களை விடாது. கடன் முடிந்த கடிதத்தையோ உங்கள் பெயரை நீக்கிய கடிதத்தையோ ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதவைக்க வேண்டும்.

அப்புறம், ஆர்டரின் சான்றிட்ட நகல் நாலு வாங்கிவையுங்கள், ஒவ்வொரு அலுவலகமும் ஒன்று கேட்கும். உங்கள் சொந்தக் கணக்குப் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நியமனதாரர் (நாமினி) இடத்தில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கும்.