லேக் ஒன்ராறியோவில சமன், ட்ரவுட் பிடிக்கப் போறீங்களோ? மீன் ஆரின்ர கணக்கில எண்டதை முதல் பாருங்கோ

போன வருசம் ஓகஸ்ட் கடைசியில ஊரில இருந்து விசிட்டிங் வந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு ஸ்காபரோ ப்ளஃபர்ஸ் பார்க்குக்கு விடியக்காலமை போனனான். மனுசியின்ர அப்பா, 71 வயசு, ஊரில கடற்கரைக்குப் பக்கத்தில வளந்த மனுசன், தூண்டிலைக் கண்டால் சும்மா இருப்பாரோ. ஒரு தூண்டில் ரொட்டை அவரின்ர கையில குடுத்துட்டு மற்றதை நான் வைச்சுக்கொண்டு நிண்டன். 65க்கு மேல எண்டால் லைசென்ஸ் தேவையில்லை எண்டு எனக்கு ஆரோ எப்பவோ சொன்னது அப்பிடியே மண்டைக்குள்ள இருந்தது. பத்து நிமிசத்தில யூனிஃபோர்ம் போட்ட ஒஃபீசர் ஒருத்தர் வந்து என்ர லைசென்ஸைப் பாத்துட்டு, ஐயாவின்ர எங்க எண்டு கேட்டார். அப்பதான் விளங்கினது, அந்த 65 வயசுச் சலுகை கனடாவில குடியிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான், விசிட்டிங்கில வந்தவருக்கு 71 எண்டாலும் 91 எண்டாலும் லைசென்ஸ் வேணும். நல்ல மனுசன், வோர்னிங்கோட விட்டிட்டார். வேற ஒராள் எண்டால் ரிக்கெற் எழுதியிருப்பார், அதுக்கு நான் ஒண்டும் சொல்லவும் ஏலாது.

அண்டைக்கு வீட்ட வந்து இருந்து விதியளை முழுக்க வாசிச்சன். வாசிச்சதில விளங்கின ஒரே விசயம், லைசென்ஸ் எடுக்கிறது லேசான வேலை, எங்கடையாக்கள் மாட்டுப்படுறது எல்லாம் கணக்கிலதான். ஒவ்வொரு ரொட்டும் ஒவ்வொரு மீனும் ஆரோ ஒராளின்ர பேரில இருக்கோணும், குடும்பத்துக்குப் பொதுவா எண்டு ஒண்டுமே இல்லை.

முதல் லைசென்ஸ். ஒன்ராறியோவில 18 தொடக்கம் 64 வயசு வரைக்கும் உள்ளவைக்கு கட்டாயம். அதுக்கு முதல் அவுட்டோர்ஸ் கார்ட் எண்டு ஒண்டு எடுக்கோணும், 8.57 டொலர், மூண்டு வருசத்துக்கு செல்லும். அதுக்கு மேல லைசென்ஸ் ரெண்டு வகை, ஸ்போர்ட் எண்டால் வருசத்துக்கு 26.57, கொன்சவேஷன் எண்டால் 15.07, ரக்ஸ் வேற. ஸ்போர்ட்டில கூட மீன் வைச்சிருக்கலாம், கொன்சவேஷனில குறைய, வித்தியாசம் அவ்வளவுதான். வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு தரம் பொழுதுபோக்குக்குப் போறவை கொன்சவேஷன் எடுத்தாலே காணும் எண்டு நான் நினைக்கிறன், ஆனா சமனுக்கெண்டே போறவை ஸ்போர்ட் எடுக்கிறதுதான் நல்லம், ஏனெண்டு கீழ சொல்லுறன். ஒரே ஒரு நாளைக்கு மட்டும் எண்டால் ஒருநாள் லைசென்ஸ் 12.21, அதுக்கு கார்ட் தேவையில்லை. சார்ட்டர் போட்டில காசு கட்டிப் போறவையும் இதை எடுக்கோணும், போட்காரர் தன்ர லைசென்ஸுக்குள்ள உங்களையும் சேத்துக்கொண்டு போக மாட்டார். எல்லாத்தையும் ஒன்லைனில எடுக்கலாம், வருச லைசென்ஸ் டிசம்பர் 31ஓட முடியும், அதால ஒக்ரோபரில போய் ஒரு வருசத்துக்கு எண்டு எடுத்தால் மூண்டு மாசம்தான் கிடைக்கும், கவனம்.

புதுசா வந்த ஆக்கள் கனபேர் கேக்கிறது, பிஆர், அதாவது நிரந்தர வதிவிடம் இல்லாமல் எடுக்கலாமோ எண்டு. அங்க பாக்கிறது குடியுரிமையை இல்லை, இருப்பிடத்தை. ஒன்ராறியோவில உங்கட பிரதான வீடு இருந்து, கடைசி 12 மாசத்துக்குள்ள தொடர்ந்து 6 மாசம் இங்க இருந்திருந்தால் நீங்கள் ஒன்ராறியோ வாசி. ஸ்ருடன்ற் விசாவில இருக்கிற தம்பிமாருக்கும் இதுதான் கணக்கு. அதில்லாமல் வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிறவைக்கு விலை கூட, ஒருநாள் லைசென்ஸே 24.86.

18க்குக் கீழயும் 65உம் அதுக்கு மேலயும் இருக்கிற கனடா வாசியளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனா பேரும் பிறந்த திகதியும் உள்ள ஐடி ஒண்டு கையில இருக்கோணும். ஐடியை கார் டாஷுக்குள்ள விட்டிட்டுத் தண்ணிக் கரைக்குப் போறதை விடுங்கோ. வெளிநாட்டில இருந்து வந்த 18க்குக் கீழ்ப்பட்ட பிள்ளையள் லைசென்ஸ் உள்ள ஒராளோட நிண்டு பிடிக்கலாம், ஆனா அந்தப் பிள்ளை பிடிக்கிற மீன் அந்தப் பெரியாளின்ர கணக்கிலதான் ஏறும். வருசத்தில சில நாளுக்கு லைசென்ஸே இல்லாமலும் பிடிக்கலாம்: பெப்ரவரியில ஃபமிலி டே வீக்கெண்ட், மதர்ஸ் டே வீக்கெண்ட், ஃபாதர்ஸ் டே வீக்கெண்ட், பேந்து ஜூலை தொடக்கத்தை ஒட்டி ஒரு கிழமை. அதுவும் கனடா வாசியளுக்கு மட்டும், வைச்சிருக்கிற எண்ணிக்கை கொன்சவேஷன் கணக்குப்படி. மாமாவுக்கு அதிலயும் இடமில்லை.

இனி மீனுக்கு வருவம். சமன் எண்டால் எங்கடையாக்களுக்கு முதல் ஞாபகம் வாறது ரின்னில அடைச்ச மீன். இந்த வாவியில முந்தி சொந்தமா இருந்த சமன் அட்லான்ரிக் சமன் ஒண்டுதான், காட்டை வெட்டி, ஆறுகளுக்குக் குறுக்கால அணையைக் கட்டி, அளவுக்கு மிஞ்சிப் பிடிச்சு 1898க்குள்ள அது முழுசா இல்லாமல் போட்டுது. இப்ப நாங்கள் பெருசா பிடிக்கிற சினூக், கோஹோ எல்லாம் பசிபிக் பக்கத்து மீன், அலைவைஃப் எண்ட சின்ன மீன் பெருகி செத்து கரை முழுக்க நாறினதால அதைத் தின்னட்டும் எண்டு 1960களின்ர கடைசியில இருந்து கொண்டுவந்து விட்டது. ரெயின்போ ட்ரவுட்டும் மேற்குக் கரையில இருந்து வந்தது, ப்ரவுண் ட்ரவுட் ஐரோப்பாவில இருந்து, லேக் ட்ரவுட்தான் இந்த மண்ணின்ர சொந்தப்பிள்ளை, அதுவும் இடையில அழிஞ்சு போய் பிறகு குஞ்சு விட்டு வளக்கிறது. 2006இல இருந்து அட்லான்ரிக் சமனையும் திருப்பிக் கொண்டுவாற வேலை நடக்குது. இதை ஏன் சொல்லுறன் எண்டால், எந்த மீனுக்கு என்ன கட்டுப்பாடு எண்டது இந்தக் கதையிலதான் தொங்குது.

ஒன்ராறியோ முழுக்க 20 ஸோனாப் பிரிச்சிருக்கு, லேக் ஒன்ராறியோ 20வது ஸோன். வாவிக்குள்ள சினூக், கோஹோ, ரெயின்போ, ப்ரவுண் எல்லாம் வருசம் முழுக்கத் திறந்துதான் இருக்கு. ஒரு நாளைக்கு பசிபிக் சமன், அதாவது சினூக், கோஹோ, ஸ்போர்ட்டுக்கு 5, கொன்சவேஷனுக்கு 2. ரெயின்போ ஸ்போர்ட்டுக்கு 2, கொன்சவேஷனுக்கு 1. அட்லான்ரிக் சமன் ஸ்போர்ட்டுக்கு 1, அதுவும் 63 சென்ரிமீற்றருக்கு மேல இருந்தால்தான், கொன்சவேஷனுக்கு பூச்சியம். லேக் ட்ரவுட் இலையுதிர் காலத்தில முட்டை போடுறதால அந்த நேரம் மூடிடுவினம். இதில பெரிய குழப்பம் என்னண்டால் இதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகேலாது. ட்ரவுட், சமன் எல்லா இனமும் சேத்து மொத்தமா ஸ்போர்ட்டுக்கு 5, கொன்சவேஷனுக்கு 2. அதாவது கொன்சவேஷன் வைச்சிருக்கிறவர் ஒரு சினூக்கும் ஒரு ரெயின்போவும் எடுத்தால் அண்டைக்கு அவ்வளவுதான். ஒரு சார்ட்டருக்கு நூற்றுக்கணக்கில குடுத்துப் போற ஆக்கள் 11 டொலர் மிச்சம் பிடிக்க கொன்சவேஷன் எடுக்கிறது எனக்குச் சிரிப்பாத்தான் இருக்கு.

மீனை அடையாளம் பிடிக்கிறது கட்டாயம் தெரிஞ்சிருக்கோணும், தெரியாமல் எடுத்திட்டன் எண்டது சாட்டு இல்லை. வாயைத் திறந்து பாருங்கோ, முரசு முழுக்கக் கறுப்பா இருந்து வால் முழுக்கப் புள்ளி இருந்தால் சினூக். முரசு வெளிறி வாலின்ர மேல்பாதியில மட்டும் புள்ளி எண்டால் கோஹோ. வாய் உள்பக்கம் வெள்ளையா, வாலில வரிசை வரிசையாப் புள்ளி எண்டால் ரெயின்போ. கஷ்டம் அட்லான்ரிக்கும் ப்ரவுணும்தான், வாவிக்குள்ள நிக்கேக்க ரெண்டும் வெள்ளியாப் பளபளக்கும், வாலில பெருசாப் புள்ளியும் இருக்காது. மேல்தாடை கண்ணின்ர பின்விளிம்பைத் தாண்டி நல்லாப் பின்னுக்குப் போனால் ப்ரவுண், கண்ணோட நிண்டால் அட்லான்ரிக், அட்லான்ரிக்கின்ர வால் அடியும் மெல்லிசா இருக்கும். நான் சந்தேகம் எண்டால் விட்டிடுவன்.

இப்ப கணக்கு. ஒரு நாளைக்கு பிடிக்கிற எண்ணிக்கை எண்டது உடன தண்ணியில திருப்பி விடாத எல்லா மீனும். வாளிக்குள்ள போட்டு வைச்சிட்டு பெருசொண்டு பிடிபட்ட உடன சின்னதை விடுறது எண்ட விளையாட்டு இல்லை, வாளிக்குள்ள போனது போனதுதான். கரையிலயே பொரிச்சுத் திண்டதும் கணக்கு, பக்கத்தில நிண்ட அண்ணைக்குக் குடுத்ததும் உங்கட கணக்குத்தான். கைவசம் வைச்சிருக்கிற எண்ணிக்கை வேற, அதுக்குள்ள வீட்டு ஃப்ரீசரில கிடக்கிறதும் அடங்கும். இதுதான் எங்கடையாக்கள் நம்பாத விசயம். கொன்சவேஷன்காரர் சனிக்கிழமை ரெண்டு சினூக் கொண்டுவந்து வெட்டி ஃப்ரீசரில போட்டிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போய் ரெண்டு எடுத்தால், ரெண்டுதான் வைச்சிருக்கலாம் எண்ட இடத்தில அவரிட்ட நாலு இருக்கு, அது குற்றம். சனிக்கிழமை மீனை சமைச்சுச் சாப்பிட்டு முடிச்சிருந்தால், இல்லாட்டி தங்கச்சி வீட்டுக்குக் குடுத்திருந்தால் ஞாயிறு பிரச்சினையில்லை. மீனை வெட்டிப் பொதி செய்தால் எத்தினை மீன், என்ன இனம் எண்டு பாத்த உடன தெரியோணும், அதால தோலை உரிக்காமல் கொண்டு வாங்கோ, குழம்புத் துண்டாக் கரையிலயே வெட்டி ஒரே பையில போடுற பழக்கம் வேண்டாம். அட்லான்ரிக்கை முழுசாவே கொண்டு வாங்கோ, நீளம் அளக்க ஏலாமல் போனால் கதை முடிஞ்சுது.

கரையில நிண்டால் ஒராளுக்கு ஒரு லைன்தான். லேக் ஒன்ராறியோவில போட்டில போனால் ரெண்டு போடலாம். ஒரு லைனில நாலு ஊசிக்கு மேல வேண்டாம். மோட்டர் போட் எண்டால் ஓடுறவருக்கு அதுக்கெண்டு தனிக் கார்ட் வேணும், அது மீன் லைசென்ஸில அடங்காது. வாவியின்ர நடுவால எல்லைக்கோடு போகுது, அதைத் தாண்டித் தூண்டில் போட்டால் நியூயோர்க் மாநில லைசென்ஸ் வேணும்.

செப்ரெம்பரில சினூக் ஆத்துக்கு ஏறத் தொடங்கும், அதோட சனமும் ஏறும், அங்கதான் கூடப் பிரச்சினை. ஆத்துக்குள்ள கால் வைச்சால் ஸோன் மாறும், மிசிசாகாவில கிரெடிட் ஆறு 16, போர்ட் ஹோப்பில கனராஸ்கா ஆறு 17. ஆறுகளில பொதுவா ஏப்ரல் நாலாவது சனிக்கிழமை திறந்து செப்ரெம்பர் 30ஓட மூடும், வாவிக்குக் கிட்டவான சில பகுதிகள் மட்டும் டிசம்பர் 31 வரைக்கும் திறந்திருக்கும், சில இடம் சரணாலயம் எண்டு மூடியே இருக்கும். எந்தப் பாலத்தில இருந்து எந்தப் பாலம் வரைக்கும் எண்டு விதிப் புத்தகத்தில பேர் போட்டே இருக்கு, அது ஒன்லைனில சும்மா கிடைக்குது, போறதுக்கு முதல் அந்த ஆத்தின்ர பேரைத் தேடிப் பாருங்கோ, போன வருசம் பாத்தது இந்த வருசத்துக்குச் சரிவராது.

ஆத்தில மீன் கூட்டமா நிக்கிறதைக் கண்டு வெறும் ஊசியை இழுத்து முதுகில, வயித்தில கொழுவிப் பிடிக்கிறது முழுக்கச் சட்டவிரோதம், கையால அமத்திப் பிடிக்கிறதும் அப்பிடித்தான். தற்செயலா வாய்க்கு வெளியால கொழுவினால் உடன விடோணும். இன்னொண்டு, பெட்டை மீனைப் பிடிச்சு வயித்தைக் கிழிச்சு சினையை எடுத்துட்டு மீனைக் கரையில எறிஞ்சிட்டுப் போறது. சாப்பிடக்கூடிய மீனைப் பழுதாக்கிறதும் குற்றம். ஆர் செய்யிறதெண்டு நான் இதில சொல்ல வரேல்லை, ஆனா கரையில கிடந்து நாறுற மீனைப் பாத்து அந்த ஊர்ச் சனம் கோவப்படுறது ஞாயம்தானே. பிடிச்ச மீனையோ சினையையோ விக்கவும் ஏலாது, தெரிஞ்ச கடைக்கு ரெண்டு மீன் குடுத்துக் காசு வாங்கினாலும் விப்பனைதான். ஒஃபீசர்மாருக்கு உங்கட ஐஸ் பெட்டியைத் திறந்து பாக்க அதிகாரம் இருக்கு, மாகாணச் சட்டத்தின் கீழ தண்டம் 25,000 டொலர் வரைக்கும் போகலாம்.

சமைக்கிறதைப் பற்றியும் ஒரு சொல்லு. மாகாணம் எந்த இடத்து மீன், எந்த நீளம், மாசத்துக்கு எத்தினை தரம் சாப்பிடலாம் எண்டு ஒரு கையேடு வைச்சிருக்கு, பிள்ளைத்தாச்சியளுக்கும் 15 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்கும் தனிக் கணக்கு. மீன் பெருக்கப் பெருக்க அழுக்கும் கூட, 25 இறாத்தல் சினூக் ஃபோட்டோவுக்கு வடிவு, கறிக்கு சின்னன்தான் நல்லம். பிசிபி எண்ட நஞ்சு கொழுப்பிலதான் தங்கும், அதால தோல், வயித்துக் கொழுப்பு, முதுகுக் கொழுப்பு எல்லாத்தையும் வீட்ட வந்து வெட்டி எறிஞ்சுட்டுச் சமையுங்கோ. தலைக்கறிப் பிரியருக்கு இது கசக்கும், எனக்கும் கசந்தது. மேர்க்கரி சதைக்குள்ளயே இருக்கிறதால அதை வெட்டி எடுக்கேலாது, அளவாச் சாப்பிடுறதுதான் வழி.

மாமாவுக்கு அடுத்த சனிக்கிழமைக்கு 24.86 குடுத்து ஒருநாள் லைசென்ஸ் எடுத்தனான். விடிய அஞ்சு மணிக்கு போய் பதினொரு மணி வரைக்கும் நிண்டம். அவருக்கு ஒண்டும் பிடிபடேல்லை, எனக்கு ஒரு சினூக். வீட்ட வந்து மனுசியிட்ட மாமா அதைத் தான்தான் பிடிச்சதெண்டு சொன்னார், விட்டிட்டன், ஒஃபீசர் கேட்டால்தான் அது என்ர கணக்கு.