ஒரு கிலோ எங்கே போனது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கோலாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2003-இல் அங்குள்ள பள்ளிகளும் உள்ளாட்சி நிர்வாகமும் சுகாதாரப் பணியாளர்களும் பெற்றோரும் சேர்ந்து, பிள்ளைகள் பருமனாவதைத் தடுக்கும் ஒரு வேலையில் இறங்கினார்கள். குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள், தாகத்துக்கு எதைக் குடிக்கிறார்கள், பள்ளி விட்டதும் எங்கே போகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். தொடக்கத்தில் 4 முதல் 12 வயதாக இருந்த பிள்ளைகளை 2006-இல் மறுபடி நிறுத்துப் பார்த்தபோது, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட சுற்றுவட்டாரப் பிள்ளைகளைவிட இவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குக் குறைவாகவே எடை கூடியிருந்தது. இடுப்புச் சுற்றளவிலும் சுமார் 3 சென்டிமீட்டர் வித்தியாசம். எந்தப் பிள்ளையையும் பட்டினி போடவில்லை. மெலிந்து நலிந்துபோன பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை.

மூன்றாண்டில் ஒரு கிலோ பெரிய விஷயமா? ஒரு பிள்ளைக்கு என்றால் இல்லை. ஆனால் இது ஊரின் சராசரி. சராசரி அவ்வளவு நகர்ந்தாலே, பருமன் எல்லையைத் தொட இருந்த பல பிள்ளைகள் இந்தப் பக்கமே நின்றுவிடுவார்கள். சரி, அந்த ஒரு கிலோ எங்கே போனது?

ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. அதை மூன்றாண்டின் நாட்களால் வகுத்தால் நாளுக்கு 7 கலோரி, ஒரு வாய்க்குக்கூடக் காணாது. உடலின் கணக்கு இத்தனை எளிமையாக ஓடுவதில்லை. எடை கூடக் கூட அந்த உடலைச் சுமக்கவும் சூடாக வைத்திருக்கவும் கூடுதல் ஆற்றல் செலவாகும். அந்தச் செலவையும் மீறி எடை ஏறுகிறதென்றால், உள்ளே போகும் உபரி இன்னும் பெரியதாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பத்தாண்டில் கூடுதலாக ஏறிய எடையை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, அந்த உபரி நாளுக்கு 110 முதல் 165 கலோரி என்று வந்தது. சர்க்கரை போட்ட குளிர்பானம் ஒரு 330 மில்லிலிட்டர் கேனில் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கிறது.

குழந்தைப் பருமன் என்றதும் அளவுக்கு மீறித் தின்னும் பிள்ளை ஒன்று நம் கண்முன் வந்துவிடுகிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஏனென்றால் உண்மையில் நடப்பது, தினமும் ஒரு கிளாஸ் அளவுக்கு மேலே போகிற உபரி. பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது.

அந்த ஒரு கிளாஸை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று நெதர்லாந்தில் நடந்தது, 2012-இல் வெளியானது. 5 முதல் 11 வயதுக்குள் இருந்த 641 பிள்ளைகளுக்குத் தினமும் 250 மில்லிலிட்டர் பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை சேர்த்தது, அதில் 104 கலோரி. மீதிப் பேருக்குச் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி சேர்த்தது. சுவை ஒன்றுபோலவே இருந்ததால், யார் எதைக் குடிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை. 18 மாதம் கழித்துப் பார்த்தால், சர்க்கரை குடித்தவர்களுக்கு 7.37 கிலோ கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 6.35 கிலோ. மறுபடியும் ஒரு கிலோ.

காரணம் பசியின் கணக்கில் இருக்கிறது. மென்று விழுங்கும் உணவு வயிற்றில் தங்கும், குடலிலிருந்து மூளைக்குப் 'போதும்' என்ற செய்தி போகும், அடுத்த வேளையில் தானாகவே அளவு குறையும். திரவமாக இறங்கும் சர்க்கரைக்கு இந்தக் கணக்கு சரியாக வேலை செய்வதில்லை. ஒரு மடக்கு, இரண்டு மடக்கு, கிளாஸ் காலி. சாப்பாட்டு நேரம் வரும்போது பசி பழையபடியே இருக்கும். அதே நெதர்லாந்துத் தரவுகளை மீண்டும் அலசியதில் இன்னொன்றும் தெரிந்தது. ஏற்கெனவே எடை கூடுதலாக இருந்த பிள்ளைகளின் உடல்தான், குடித்த கலோரியைப் பின்னால் ஈடுகட்டுவதில் மிகவும் பின்தங்கியிருந்தது. உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கு உடலின் ஒத்துழைப்பு குறைவு.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஏன் விட முடியாது? உடம்பில் ஏறிய கொழுப்பை உடம்பே காவல் காக்கிறது என்பதால். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன; 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு இதைக் கண்டுபிடித்தது. கையிருப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், உடனே மூளை பசியைக் கூட்டிச் செலவைச் சுருக்கும். கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை எப்போது முடிவாகிறது என்ற இன்னொரு கேள்விக்கு 2008-இல் சுவீடனில் விடை கிடைத்தது. பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எல்லார் உடலிலும் சேர்ந்திருக்கிறது. அதன் அளவைக் கொண்டு கொழுப்புச் செல்களின் வயதைக் கணித்தார்கள். பழைய செல்கள் இறந்து புதியவை வந்துகொண்டே இருந்தாலும், மொத்த எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் பதின்ம வயதிலுமே முடிவாகிவிடுகிறது என்று தெரிந்தது. பெரியவரான பின் எடை குறைத்தால் செல்கள் சுருங்குமே தவிர, எண்ணிக்கை குறையாது.

வளரும் பிள்ளைக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பெரியவருக்கு எடை இறங்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு எடை ஏறும் வேகம் தணிந்தாலே போதும், உயரம் வந்து சேர்ந்து கணக்கைச் சரிசெய்துவிடும். தடுப்பு வேலை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

இனி காய்கறிப் பக்கம் வருவோம். இரண்டு வயதுக்கு மேல் பல பிள்ளைகள் புது உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது இயல்பு. அமெரிக்க உளவியலாளர் லீன் பிர்ச்சின் ஆய்வுகள் காட்டிய வழி பொறுமையானது: கட்டாயப்படுத்தாமல், ஒரே ஒரு சிறு வாய், திரும்பத் திரும்ப. பெரும்பாலும் எட்டு முதல் பதினைந்து முறை ஆகும். வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை துப்பியதும் 'இவனுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இல்லையென்றால், 'இதைச் சாப்பிட்டால் இனிப்பு தருவேன்' என்கிறோம். அப்படிச் சொல்லும்போது காய் தண்டனையாகவும் இனிப்பு பரிசாகவும் மனதில் பதிகிறது.

பிர்ச் 1980-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் அருமையானது. மழலையர் பள்ளியில் ஒரு காயை விரும்பாத குழந்தையை, அதை விரும்பிச் சாப்பிடும் குழந்தைகளோடு ஒரே மேசையில் உட்கார வைத்தார். சில நாட்களில் அந்தக் குழந்தையும் அதே காயை எடுக்கத் தொடங்கியது. அம்மாவோ ஆசிரியரோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்து முறை ஒரே காயைச் சமைத்து, பத்து முறையும் வீணாவதைப் பார்க்க எல்லா வீடுகளுக்கும் கட்டுப்படியாகாது. பள்ளி மதிய உணவுக்கு அது முடியும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை இது என்று நான் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், கண்முன் இருப்பதைத்தான் கை எடுக்கும். ஜெர்மனியின் டோர்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களில், வருமானம் குறைந்த பகுதிகளில் இருந்த 32 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் குளிர்ந்த குடிநீர்க் குழாய் வைத்தார்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், தண்ணீர் பற்றி நான்கு பாடம் நடத்தினார்கள். அவ்வளவுதான். ஒரு கல்வியாண்டின் முடிவில் அங்கே அதிக எடைக்குப் போகும் வாய்ப்பு மற்றப் பள்ளிகளைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. குழாய் பக்கத்திலேயே இருந்தது, பாட்டில் கையிலேயே இருந்தது. தாகம் எடுத்தபோது பிள்ளை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கு உள்ளே மட்டும் வேலை செய்தால் போதுமா? பெரும்பாலும் போதாது. இங்கிலாந்தில் 54 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2018-இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில் எல்லாமே இருந்தது: தினமும் கூடுதலாக அரை மணி நேர உடற்பயிற்சி, பெற்றோருக்குச் சமையல் பயிற்சி, கால்பந்துக் கழகத்தோடு சேர்ந்து ஆர்வமூட்டும் வகுப்புகள். ஓராண்டுத் திட்டம் முடிந்த பிறகும் பிள்ளைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பள்ளி வாசலைத் தாண்டினால் பழைய கடைகளும், பழைய விளம்பரங்களும், நடக்கப் பயப்பட வைக்கும் அதே சாலையும் காத்திருந்தன.

பிரான்சின் வடக்கே ஃப்ளூர்பே, லாவாந்தி என்ற இரு சிற்றூர்களின் கதையும் இதையே சொல்கிறது. 1992-இல் பள்ளிகளில் சத்துணவுப் பாடம் தொடங்கினார்கள். ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் அதிக எடையுள்ள பிள்ளைகளின் விகிதம் ஏறத்தான் செய்தது. அப்புறம் முயற்சி பள்ளியை விட்டு வெளியே வந்தது. உணவியல் நிபுணர்களை அமர்த்தினார்கள், விளையாட்டு வசதி செய்தார்கள், மருத்துவர்களும் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2004-இல் அங்கே 8.8 சதவீதம், ஒப்பீட்டு ஊர்களில் 17.8. குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரித்துச் செய்த சோதனை இல்லை என்பதால் முழுப் பெருமையையும் திட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் எந்தக் கட்டத்தில் திருப்பம் வந்தது என்பது கவனிக்க வேண்டியது.

ஊரின் கைக்கு எட்டாதவையும் உண்டு. சிலி நாடு 2016 முதல், சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் குளிர்பானத்தில் உள்ள சர்க்கரையின் அளவுக்கேற்ப வரி என்று அறிவித்ததும், 2018-இல் அது அமலாகும் முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. இவை அரசு செய்ய வேண்டியவை.

முயற்சி நல்லதாகவே இருந்தும் கெட்டுப்போகும் ஓர் இடம் இருக்கிறது. வகுப்பு முன்னால் பிள்ளையை எடை பார்த்து எண்ணை உரக்கச் சொல்வது, குண்டு என்று பட்டம் வைப்பது. இப்படி அவமானப்பட்ட பிள்ளைகள் விளையாட்டை விட்டு ஒதுங்குகிறார்கள், ஒளிந்து சாப்பிடுகிறார்கள், எடை இன்னும் கூடுகிறது. கோலாக்கில் எந்தப் பிள்ளையையும் தனியே பிரிக்கவில்லை. மதிய உணவு எல்லாருக்கும் மாறியது. அங்கே இன்னொன்றும் நடந்தது. ஒப்பீட்டுப் பகுதியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே எடை அதிகம் கூடியது. கோலாக்கில் அந்த ஏற்றத்தாழ்வு தெரியவில்லை. அறிவுரையைப் பின்பற்ற நேரமும் பணமும் வேண்டும். குழாய்த் தண்ணீருக்கு இரண்டும் வேண்டாம்.

தொடங்க நினைக்கும் ஊர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். அமெரிக்காவின் சாமர்வில் நகரில் 2003-இல் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது, பள்ளிச் சமையலறை முதல் உணவகங்கள், நடைபாதைகள் வரை தொட்டது. ஆய்வு நிதி தீர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. நகர நிர்வாகம் அதைத் தன் சுகாதாரத் துறைக்குள்ளேயே ஒரு திட்டமாகச் சேர்த்துக்கொண்டது. எடையில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பெரும்பாலான நிதி அதற்குள் முடிந்துவிடும். அதனால் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டிய கேள்வி: நான்காம் ஆண்டில் திட்டத்தை நடத்தும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தை யார் கொடுப்பார்கள்?