கோமாரி லாரி ஏறிய கதை

நம் பக்கம் கோமாரி என்று சொல்லும் நோய்தான். மாட்டுக்கு வந்தால் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வெடித்து, எச்சில் நூலாக வடியும். செம்மறியாட்டுக்கு வந்தால் பல நேரம் அடையாளமே தெரியாது. கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான். 2001-இல் பிரிட்டனைக் கவிழ்த்தது இந்த ‘அவ்வளவுதான்’.

எசெக்ஸில் ஒரு இறைச்சிக்கூடத்துப் பன்றிகளிடம் கொப்புளம் தென்பட்டு, பிப்ரவரி 20 அன்று நோய் உறுதியானது. தடம் பிடித்துப் போனால், வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணை. சரியாகக் காய்ச்சாத உணவுக் கழிவைத் தீனியாகப் போட்டதில் கிருமி நுழைந்திருக்க வேண்டும். பன்றியின் மூச்சில் இந்த வைரஸ் ஏராளமாக வெளியேறும். காற்று அதைப் பக்கத்துப் பண்ணை ஆடுகளிடம் சேர்த்தது. அந்த ஆடுகள் பிப்ரவரி 13 அன்று ஹெக்ஸம் சந்தைக்குப் போயின. பிறகு வியாபாரிகள் வழியாக லாங்டவுன் சந்தை. அங்கிருந்து லாரி லாரியாக நாடெங்கும். எசெக்ஸில் நோய் பிடிபட்ட நாளிலேயே குறைந்தது 57 பண்ணைகளில் அது குடியேறிவிட்டிருந்தது. கால்நடைகளை நகர்த்தத் தடை வந்தது 23 அன்று.

1967-இல் இதே நாட்டில் வந்த கோமாரி பெரும்பாலும் செஷயர், ஷ்ராப்ஷயர் வட்டாரத்தையே சுற்றியது. 2001-இல் ஆடுகள் அதிக தூரம் பயணித்தன. ஆட்டு மானியம் தலைக்கணக்கில் கிடைத்தது. கணக்கெடுக்க ஆள் வரும்போது எண்ணிக்கை குறையக்கூடாது. அதனால் பிப்ரவரியில் ஆடு வாங்கி மந்தையை நிரப்பிக்கொள்வது வழக்கம். விவசாயிகள் கணக்குப் பார்த்து நடந்துகொண்டார்கள். வைரஸுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நோய்ப்பரவலைக் கணிப்பவர்கள் ‘ஒரு பண்ணை சராசரியாக எத்தனை பண்ணைக்குப் பரப்பும்’ என்று மட்டும் கேட்டால் இங்கே ஏமாறுவார்கள். பெரும்பாலான பண்ணைகள் நாலைந்து இடங்களோடுதான் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும். சந்தையோ நூற்றுக்கணக்கான பண்ணைகளை ஒரே நாளில் ஒரே பட்டியில் அடைக்கும். அந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால், சிறு பண்ணைகளுக்கு இடையே உள்ள நூறு இழைகளை அறுப்பதைவிடப் பலன் அதிகம்.

கொன்று புதைத்தும் எரித்தும் முடித்தவை 60 லட்சத்துக்கும் மேல். மே மாதம் நடக்கும் என்று எதிர்பார்த்த பொதுத்தேர்தலே ஜூனுக்குத் தள்ளிப்போனது.

அதன்பின் ஒரு விதி வந்தது: பண்ணைக்குள் புதிதாக ஒரு விலங்கு வந்தால், அங்கிருந்து 20 நாளைக்கு எதுவும் வெளியே போகக்கூடாது. நோய் வெளித்தெரிய பொதுவாக 2 முதல் 14 நாள் ஆகும் என்பதால் அந்த இடைவெளி. இருபது நாள் வியாபாரத்தை நிறுத்துவதை விவசாயிகள் விடாமல் எதிர்த்தார்கள். 2003-இல் ஆடு மாடுகளுக்கு அது 6 நாளாகச் சுருங்கியது. பன்றிக்கு மட்டும் 20 நாள் நீடித்தது.