பக்கத்து நிலத்தில் கட்டடம் வருகிறதா? பினாங்கில் உங்களுக்கு இருப்பது 21 நாள்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தகரத் தடுப்பு அடித்து, மண்வாரி வந்து நின்ற பிறகுதான் அங்கே அடுக்குமாடி எழும்பப் போகிறது என்று அவருக்குத் தெரியவந்தது. "ஒரு கடுதாசிகூட வரலையேப்பா" என்றார். கடிதம் போயிருந்தது. 12 வருடங்களுக்கு முன் இறந்துபோன கணவர் பெயருக்கு, அவர்கள் எப்போதோ குடியிருந்த வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருந்தது. உள்ளூர் மன்றக் கவுண்டரில் கேட்டால் "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்றார்கள். முகவரியை மாற்ற வேறு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், முதலில் பட்டாவில் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மூட்டு வலியோடு மூன்று தடவை பஸ் ஏறி இறங்கினார்.

அவருக்குக் கிடைக்காமல் போன உரிமை சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, பிரிவு 21(6). உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று முன்கூட்டியே வகுத்த ஆவணம்) இல்லாத பகுதியில் ஒருவர் கட்டுமானத்துக்குத் திட்டமிடல் அனுமதி கேட்டால், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அவர்கள் ஆட்சேபிக்கலாம். கவுண்டரில் திட்டமிடல் அனுமதியை 'கெபெனாரான் மெரன்சாங்' என்று மலாயில் கேளுங்கள், அப்போதுதான் புரிந்துகொள்வார்கள்.

இதில் 'உரிமையாளர்' என்ற சொல்லில்தான் நம்மவர்கள் பலர் அடிபடுகிறார்கள். 30 வருடமாக வாடகைக்கு இருப்பவருக்குக் கடிதம் வராது. அப்பா பெயரில் உள்ள வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அது அப்பா பெயருக்குத்தான் வரும். காகிதத்தில் பெயர் இல்லாதவரின் நிலை என்ன என்பதை 2009-இல் கம்போங் புவா பாலா என்ற தமிழர் கிராமத்தை இடித்தபோதே பினாங்குத் தமிழர்கள் பார்த்துவிட்டோம். வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரைப் பிடித்து ஆட்சேபக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசு மாற்றத்தை இன்றே தொடங்குங்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும். இன்னொன்று, மன்றத்தில் கட்டும் சுக்காய் பிந்து (வீட்டு வரி) ஒரு பதிவு, நில அலுவலகத்தில் உள்ள பட்டா வேறு பதிவு. ஒன்றில் முகவரியை மாற்றினால் மற்றதில் தானாக மாறிவிடும் என்று நம்பாதீர்கள். இரண்டு இடத்திலும் மாற்றுங்கள்.

'அண்டை' என்றால் சுவரை ஒட்டிய வீடு மட்டும் என்று கவுண்டரில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். நடுவில் சாலையோ சந்தோ சாக்கடையோ ஒதுக்கு நிலமோ இருந்தாலும், அதன் அகலம் 20 மீட்டருக்கு மேற்படாவிட்டால் எதிர்ப்பக்கத்து வீடும் அண்டைதான். முட்டுச் சந்தாக இருந்து, அதே சாலையைத்தான் அந்தத் திட்டமும் பயன்படுத்தப்போகிறது என்றால், எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள நிலங்களும் கணக்கில் வரும். "நீங்கள் பக்கத்து வீடு இல்லையே" என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் டேப் எடுத்து அளந்து பார்த்தார். இரண்டு பக்கச் சாக்கடையையும் சேர்த்து 12 மீட்டர். மறுநாள் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனார், அவருடைய ஆட்சேபக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள்.

கடிதம் வந்ததும் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. 21 நாளில் சனி, ஞாயிறு, தீபாவளி எல்லாம் அடக்கம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தை மலாயில் எழுதுங்கள். நில எண், உங்கள் பெயர், காரணங்கள், அப்புறம் மறக்கவே கூடாத ஒரு வரி: நேரில் விசாரணைக்கு வர விரும்புகிறேன். கேட்டவரைத்தான் கூப்பிடுவார்கள். நேரில் கொடுத்து, நகலில் சாப் (முத்திரை) அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றால் நகரவே நகராதீர்கள். சாப் இல்லாத நகல் வெறும் தாள்.

காரணம் எழுதும்போது, "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது நிற்காது. மழையில் சாக்கடை பொங்கிய படம், காலையில் சந்து அடைத்துக் கிடக்கும் படம், இதெல்லாம் நிற்கும். மலைச்சரிவு என்றால் இரண்டு எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 76 மீட்டர் உயரம், 25 பாகைச் சரிவு. இதில் ஒன்றைத் தாண்டினாலும் பினாங்கில் அது மலை நிலம், அதற்குக் கட்டுப்பாடு உண்டு. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள்.

இப்போது பெரிய பொறி. உங்கள் பகுதிக்கு அரசிதழில் வந்த உள்ளூர்த் திட்டம் இருந்தால், மேலே சொன்ன கடிதத்தை அனுப்பும் கடமை 21(6)-இன்படி மன்றத்துக்கு இல்லை. அந்த உள்ளூர்த் திட்டத்தின் வரைவு காட்சிக்கு வைக்கப்படும் சில வாரங்கள்தான் உங்கள் வாய்ப்பு, அப்போது யாரும் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வதில்லை. ஆகவே கவுண்டரில் முதல் கேள்வி 'ரன்சாங்கான் தெம்பாத்தான்', அதாவது உள்ளூர்த் திட்டம், உண்டா என்பதுதான். உண்டென்றால், அந்த நிலத்துக்கு என்ன மண்டலம், எவ்வளவு அடர்த்தி என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூர்த் திட்டத்துக்கு முரணான கட்டடத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று பிரிவு 22(4) சொல்கிறது.

ஆட்சேபித்தும் அனுமதி கொடுத்துவிட்டார்களா? முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆனால் முதலில் எழுத்தில் ஆட்சேபித்த அண்டை உரிமையாளருக்குத்தான் அந்தக் கதவு. 500 பேர் கையெழுத்திட்ட மனு அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது. போகும்போது வேலையை நிறுத்திவைக்கும் தடை உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள். சுங்கை ஆராவில் மலைச்சரிவுத் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியை 2015-இல் வாரியம் ரத்து செய்தது. அது நீதிமன்றங்களில் இழுபட்டு, கடைசியில் 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம் நின்றது. அங்கே வழக்கில் முன்னின்றது ஒரு கொண்டோமினியத்தின் நிர்வாகக் கழகம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கழகத்தையும் எழுத வையுங்கள், தனியாகவும் எழுதுங்கள்.

கோலாலம்பூரில் இருக்கும் உறவினருக்கு இந்தக் கட்டுரையை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அங்கே சட்டம் 172 கிடையாது, 1982 கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம்தான்.

ஆயர் ஈத்தாம் அம்மாவின் சுக்காய் பிந்து முகவரியைப் போன மாதம் மாற்றிவிட்டோம். பட்டா இன்னும் கணவர் பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்றுவதற்கான அடுத்த விசாரணைக்கு மூத்த மகன் லீவு போட்டுக் கூட வருகிறார்.